யார் கொடுத்த காய்ச்சல்

ஆறுதல்புரத்தில் இருமல் காய்ச்சல் வந்துபோனதற்கு அடுத்த வருஷம், வயதானவர்கள் மறந்துபோனதெல்லாம் அவரவருக்குக் காய்ச்சலைக் கொடுத்தவர்களிடம் போய்ச் சேர ஆரம்பித்தது. முதலில் இது யாருக்கும் தெரியவில்லை, தெரிந்த பிறகு யாரும் அதிகம் ஆச்சரியப்படவும் இல்லை. ஆச்சரியப்பட நேரம் இல்லை என்பதுதான் உண்மை. யாருடையது யாரிடம் இருக்கிறது என்று தேடுவதற்கே ஊருக்கு நேரம் சரியாக இருந்தது, என்னிடம் இருந்ததை ஒளித்து வைப்பதற்கே எனக்கு நேரம் சரியாக இருந்தது.

எங்கள் ஊர் தேரிமணலும் முருங்கையும் பென்ஷனும் விளைகிற ஊர். பாதிப் பேர் ஓய்வு பெற்ற வாத்தியார்கள், மீதிப் பாதி அந்த வாத்தியார்களைக் கட்டிக்கொண்ட ஓய்வு பெற்ற டீச்சர்கள், இரண்டிலும் சேராத என்னைப் போன்றவர்கள் அவர்களிடம் அடி வாங்கிப் படித்தவர்கள். எங்களுக்குக் கோயில் என்றால் சர்ச், ஐயர் என்றால் பாதிரியார். வெளியூர்க்காரர்கள் கேட்டுச் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். கிறிஸ்துமசுக்கு முந்தின வாரம் பாடகர் குழு வீடு வீடாகப் போய்ப் பாடும், இது எல்லா ஊரிலும் உள்ளதுதான். எங்கள் ஊரில் மட்டும் உள்ள வழக்கம் என்னவென்றால், எந்த வீட்டில் பாடினாலும் கடைசிச் சரணத்தைக் குழு பாடாது. குழுவில் ஒருத்தி மட்டும் முன்னால் போய், அந்த வீட்டில் மூத்தவர் யாரோ அவர் பக்கத்தில் குனிந்து, உதடு காதில் படுகிற மாதிரி, அவருக்கு மட்டும் கேட்கும்படி பாடுவாள். காதுப் பாட்டு என்று அதற்குப் பெயர். செவிடருக்கும் கிறிஸ்து பிறக்க வேண்டாமா என்று எந்தக் காலத்திலோ ஓர் ஐயரம்மா ஆரம்பித்து வைத்தது என்பார்கள். காதுப் பாட்டு வாங்காதவருக்கு அந்த வருஷம் கிறிஸ்துமஸ் கிடையாது, எத்தனை கேக் வெட்டினாலும் கிடையாது. துபாயிலும் பெங்களூரிலும் இருக்கிற பிள்ளைகள் போன் போட்டால் "காதுப் பாட்டு வாங்கியாச்சாப்பா?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

அந்தப் பாட்டை நாற்பது வருஷத்துக்கு மேல் எப்சிபா டீச்சர்தான் பாடினார். எனக்கு நான்காம் வகுப்பு எடுத்தவர், பக்கத்துத் தெருவில் சற்குணம் சாரோடு இருந்தவர். நான் பியூலா, மேல்நிலைப் பள்ளியில் லேப் அசிஸ்டெண்ட், வீட்டுக்காரர் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். பாடகர் குழுவில் இரண்டாம் வரிசை ஓரத்தில் பத்தொன்பது வருஷம் நின்றேன். நின்றேன் என்று சும்மா சொல்கிறேன், காத்திருந்தேன். டீச்சருக்குத் தொண்டை கட்டக்கூடாதா என்று கோயிலுக்குள் நின்றுகொண்டே நினைத்திருக்கிறேன், கர்த்தருக்குத் தெரியும். கடைசியில் ஒரு நவம்பர் மாதம், பயிற்சி முடிந்து பாட்டுப் புத்தகத்தை மூடும்போது டீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

"இந்த வருசம் காதுப் பாட்டு நீ பாடு பியூலா. எனக்கு மூச்சு வாங்குது."

வீடு வீடாகப் பாடப் போகிற முதல் நாள் மத்தியானம் எனக்குக் காய்ச்சல் வந்தது. நூற்றியொன்று புள்ளி நான்கு. தெர்மாமீட்டர் பார்க்கிறது என் வேலை மாதிரி, தப்பாகப் பார்த்திருக்க மாட்டேன். மாத்திரையை விழுங்கினேன், தெர்மாமீட்டரைக் கழுவி டப்பாவில் போட்டேன், நீலப் பட்டுச்சேலையை உடுத்தினேன். மூன்று சாயங்காலம், இருபத்து மூன்று வீடு, இருபத்து மூன்று காது. ஒவ்வொரு காதிலும் என் மூச்சு போனது. கடைசியாக டீச்சர் வீடு. மூத்தவர் சார்தான், ஆனால் இத்தனை வருஷம் பாடினவள் ஒரு தடவை வாங்கட்டும் என்று அவர் டீச்சரைக் காட்டினார். குனிந்து பாடி முடித்ததும் டீச்சர் என் கன்னத்தைப் பிடித்தார்.

"கன்னம் என்னட்டி இப்படிச் சுடுது?"

"நடந்து வந்த சூடு டீச்சர்."

ஒரு சரணத்துக்காகச் சொன்ன பொய் அது. அதை நான் யோசித்துக்கூடச் சொல்லவில்லை, பல்லுக்குப் பின்னாலேயே தயாராக இருந்தது.

புது வருஷத்துக்குள் ஊரே இருமியது. என் வயதுக்காரர்கள் மூன்று நாள் படுத்து எழுந்தார்கள், பெரியவர்கள் மூன்று வாரம் படுத்து எழுந்தார்கள். யாரும் சாகவில்லை. அதற்காக ஸ்தோத்திர ஆராதனை வைத்தோம், அதிலும் நான் பாடினேன்.

பிறகுதான் பெரியவர்கள் ஒவ்வொன்றாக இழக்க ஆரம்பித்தார்கள். முதலில் கண்ணாடியை வைத்த இடம், அப்புறம் கண்ணாடிக்கு என்ன பெயர் என்பது, அப்புறம் கண்ணாடியைத் தேடிக்கொடுத்த மருமகள் யார் என்பது. புதன்கிழமைதோறும் ஊருக்கு வருகிற டாக்டர் எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னார். "கிருமி எப்பவோ போயிட்டு. அது மூளையில வச்சிட்டுப் போன வீக்கந்தான் போகல. வயசான மூளையில அது வருசக்கணக்கா உள்ளுக்குள்ள வேலை செய்யும், அடுப்பை அணைச்ச பெறகும் மண்சட்டி கொதிக்கும்லா, அப்படி." அதற்கு மருந்து என்ன என்று கேட்டதற்கு, நன்றாகத் தூங்கச் சொல்லுங்கள், பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள் என்றார். அவரைக் குறை சொல்லி என்ன செய்ய, இருந்தால் கொடுத்திருப்பார்.

மறந்தது எங்கே போகிறது என்று கண்டுபிடித்தது ஆட்டோ ஓட்டுகிற இன்பராஜ். பத்தாம் வகுப்பில் கணக்கில் மூன்று தடவை தோற்ற இன்பராஜ், ஒரு செவ்வாய்க்கிழமை சவாரி போகும்போது, பின்சீட்டில் ஒரு பெண்பிள்ளை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்த இருபடிச் சமன்பாட்டுக்குத் திரும்பிக்கூடப் பார்க்காமல் விடை சொன்னான். சொன்ன பிறகு ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டு அழுதான், ஏனென்றால் கணக்கோடு சேர்ந்து தவசிமுத்து ஹெட்மாஸ்டருடைய தாயார் செத்த நாளும் அவனுக்குள் வந்துவிட்டது. போன டிசம்பரில் ஹெட்மாஸ்டரைக் கண் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போகும்போது வழியெல்லாம் இருமிக்கொண்டு போனது அவன்தான். நேரே ஹெட்மாஸ்டர் வீட்டுக்குப் போனான். அவர் கரும்பலகை முன்னால் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு, இதை வைத்து என்ன செய்வார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தார். இன்பராஜுக்கு வேறு வழி தெரியவில்லை, எங்கள் ஊர்க்காரனுக்கு ஒரு பெரியவரிடம் ஒன்றைக் கொண்டு சேர்க்கத் தெரிந்த வழி ஒன்றுதான், குனிந்து காதில் சொன்னான். சொல்லச் சொல்ல அது அவனை விட்டுப் போய் அவரிடம் ஏறியது. தலையிலிருந்து தண்ணீர்க் குடத்தை இறக்கின மாதிரி இருந்தது என்று பிறகு எல்லாரிடமும் சொன்னான். நான்கு நாள் ஹெட்மாஸ்டர் பழைய ஹெட்மாஸ்டராக இருந்தார், அவனையே இரண்டு தடவை திட்டினார். ஐந்தாம் நாள் எல்லாம் ஒழுகி மறுபடியும் அவனிடம் வந்துவிட்டது. "ஓட்டைப் பானைதான். அதுக்காவ ஊத்தாம இருக்க முடியுமா?" என்று அவன் வாரத்துக்கு இரண்டு நாள் போக ஆரம்பித்தான்.

இதற்குப் பிறகு ஊர் செய்ததையெல்லாம் சொன்னால் ஒரு நாள் போதாது. கோயிலை நிர்வகிக்கிற சேகரக் கமிட்டி கூடியது. ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்கிற நேரம் என்று ஒன்று உண்டு, கர்த்தர் செய்த நன்மைகளை ஒவ்வொருவராக எழுந்து சொல்வோம், அந்த நேரத்தை இதற்கு ஒதுக்கினார்கள். "தேவனுக்கு ஸ்தோத்திரம். எங்க மாமியாருக்கு உள்ளது எங்கிட்டதான் இருக்கு" என்று மருமகள்கள் எழுந்து நின்றார்கள். தன்னைப் பற்றி மாமியார் என்ன நினைத்தாள் என்று தெரிந்துகொண்ட மருமகள்கள், அதை எவ்வளவு சீக்கிரம் திருப்பிக் கொடுக்கலாம் என்று பறந்தார்கள். அப்பாவுக்கு நான் கொடுக்கவில்லை நீதான் கொடுத்தாய் என்று ஒரு வருஷம் பேசாமல் இருந்த அண்ணன் தம்பிகளில் தம்பிக்காரன், ஒரு நாள் சாப்பாட்டு நடுவில் அப்பாவின் கெட்டவார்த்தையில் மனைவியை ரசம் கேட்டு மாட்டிக்கொண்டான். பெண் பார்க்க வருகிறவர்கள் படிப்பு, வேலை கேட்ட பிறகு "வேற யாருக்கும் உள்ளது எதுவும் தலையில இருக்கா?" என்று கேட்டார்கள். மணலில் விளையாடுகிற பிள்ளைகள்கூட அதை விளையாட்டாக்கின. குற்றம் என்று ஆரம்பித்தது கடமையாகி, கடமை வழக்கமாகி, வழக்கத்துக்கு எங்கள் ஊரில் இருக்கிற மரியாதை வேறு எதற்கும் கிடையாது. காலையில் பால் வாங்கப் போகிற மாதிரி, ஆட்கள் குனிந்து காதில் சொல்லப் போனார்கள்.

எல்லாருடையதற்கும் ஆள் கிடைத்தது, பதினோரு பேருடையதற்கு மட்டும் கிடைக்கவில்லை. கோயில் வாசல் போர்டில் அந்தப் பதினோரு பெயரையும் எழுதி, "வைத்திருப்போர் தயவுசெய்து தெரிவிக்கவும்" என்று போட்டிருந்தார்கள். ஒன்பதாவது பெயர், திருமதி எப்சிபா சற்குணம், ஆசிரியை (ஓய்வு).

அந்தப் பதினொன்றும் என்னிடம் இருந்தது; நான் பாடின மற்றப் பன்னிரண்டு பேருக்கு வேறு யாரோ முந்திக் கொடுத்திருந்தார்கள். நான் பெற்றது ஒரு பிள்ளை, எனக்கு ஏழு பிரசவம் ஞாபகம் இருந்தது. பார்க்காத ஊர்களின் பஸ் ஸ்டாண்டுகள் ஞாபகம் இருந்தன, செத்துப்போன மனிதர்கள் மேல் கோபம் இருந்தது, கண்ணாடி போடாத நான் காலையில் எழுந்ததும் கட்டிலுக்குப் பக்கத்தில் கண்ணாடியைத் துழாவினேன். பதினோரு வீட்டிலும் பெரியவர்கள் காலியாகிக்கொண்டு வர, நான் நிறைந்துகொண்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சற்குணம் சார் எழுந்து நிற்பார். எண்பத்தொரு வயது, கையில் பிடித்த தொப்பியை உருட்டிக்கொண்டே சொல்வார்.

"எப்சிபாவுக்கு உள்ளது யாருட்ட இருக்கோ, தயவுசெய்து வந்து சொல்லுங்க. நான் கோவிக்க மாட்டேன். அவ என்னை யாருன்னு கேக்கா. அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். நான் இரண்டாம் வரிசையில், இல்லை, அப்போது முதல் வரிசையில், பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எழுந்து சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் காதுப் பாட்டிலிருந்து என்னை எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். இவ்வளவு நடந்த பிறகும் நான் நினைத்தது அதைத்தான், அதை இப்போது எழுதவே கூசுகிறது.

பாட்டைப் பற்றி யாரும் சந்தேகப்படவே இல்லை. கிறிஸ்து பிறந்ததைப் பாடின வாயிலிருந்து காய்ச்சல் வரும் என்று எங்கள் ஊரில் யார் நினைப்பார்கள்? பதினோரு வீட்டுக்கும் பொதுவாகப் போய்வருகிறவர் யார் என்று கமிட்டி யோசித்து, கடற்கரையிலிருந்து மொபெட்டில் மீன் கொண்டுவருகிற சகாயமேரியைப் பிடித்தது. அவளைத் தெருமுனையில் நிறுத்திக் கேட்டார்கள்.

"எனக்கு எங்க அப்பனுக்க மொகமே மறந்துபோச்சு," என்றாள் சகாயமேரி, "ஒங்க அப்பமாருக்கு உள்ளதை வச்சு நான் என்ன கருவாடா போடப் போறேன்?"

இந்த அளவு துடுக்காகப் பேசுகிறவள் ஒளிக்கத்தான் செய்வாள் என்று முடிவாகிவிட்டது. யாரும் மீன் வாங்கவில்லை. ஒரு நாள் என் வாசலில் வந்து மொபெட்டை நிறுத்தினாள். பெட்டியில் ஊளிமீன் இருந்தது, எனக்குப் பிடித்தது. தெருவில் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அவள் ஐஸை மூடி, வண்டியைத் திருப்பினாள். செய்தது நான், மீன் அழுகினது அவளுக்கு.

அவளும் வேதக்காரிதான், ஆனால் கடற்கரை மாதா கோயில்காரி, எங்கள் கோயிலைச் சேர்ந்தவள் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சாட்சி நேரத்தில், முக்காடு போட்டுக்கொண்டு கடைசி வாசல் வழியாக உள்ளே வந்தாள். யாரும் தடுக்கிறதுக்கு முன்னால் நடுவழியில் நடந்து ஐயர் முன்னால் நின்றாள்.

"எட்டு வாரமா எம் பிள்ளைக பள்ளிக்கொடத்துக்கு சோறில்லாமப் போவுது. எந்தலையில இருக்குன்னா இந்தத் தலையத் தொறந்து எடுத்துக்கிடுங்க. இல்லாட்டி மீனை வாங்குங்க."

நான் எழுந்தேனா, கால் எழுந்ததா தெரியவில்லை.

"அவகிட்ட இல்ல. எங்கிட்ட இருக்கு. பதினொண்ணும் எங்கிட்டதான் இருக்கு. காய்ச்சலோட பாட வந்தேன். தெரிஞ்சுதான் வந்தேன்."

அடிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஊரைவிட்டுத் தள்ளுவார்கள், குறைந்தது காறித் துப்புவார்கள் என்று எதிர்பார்த்தேன், கொஞ்சம் ஆசைப்படவும் செய்தேன். ஐயர் கண்ணை மூடினார். கமிட்டிச் செயலாளர் எட்வின் அண்ணாச்சி மட்டும் எழுந்து, "பதினொண்ணா? வாரத்துக்கு ஏழு நாள்தானம்மா இருக்கு?" என்றார். அந்தச் சாயங்காலத்துக்குள் எனக்கு ஒரு அட்டவணை வந்துவிட்டது, யார் வீட்டுக்கு எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, டைப் அடித்து, கீழே ஒரு வசனமும் போட்டு. முதல் வாரம் சில வீடுகளில் முகம் கொடுக்கவில்லை, இரண்டாம் வாரம் காபி கொடுத்தார்கள், மூன்றாம் வாரம் "இன்னைக்கு ஏன் லேட்டு?" என்று கேட்டார்கள். மன்னிப்பு என்றால் இப்படி மாவு அரைக்கக் கொடுத்து வாங்குகிற மாதிரி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை, எனக்கு அது ஆறவே இல்லை. சகாயமேரி மட்டும் மன்னிக்கவில்லை. மறுநாளிலிருந்து எல்லா வீட்டிலும் மீன் விற்றாள், என் வீட்டைத் தாண்டும்போது மட்டும் மொபெட் வேகமாகப் போகும். அவளை நினைத்தால் மட்டும்தான் எனக்கு நியாயம் என்று ஒன்று இருப்பதாகத் தோன்றும்.

எப்சிபா டீச்சர் வீடு வெள்ளிக்கிழமை, நான்கு மணி.

நான் முதல் தடவை போனபோது டீச்சர் முற்றத்தில் கோழிகளுக்கு அரிசி போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். எல்லாம் போன பிறகு டீச்சர் அப்படித்தான் ஆகியிருந்தார், எதைப் பார்த்தாலும் சிரிப்பு. இவ்வளவு சிரிக்கத் தெரிந்த முகமா இது என்று எனக்கு ஆச்சரியம், நாற்பது வருஷமாகப் பார்த்த முகம் அப்படி இல்லை. நான் குனிந்து சொன்னேன். பெயரைச் சொன்னேன், கல்யாணத்தைச் சொன்னேன், பாட்டுகளைச் சொன்னேன், ஒவ்வொன்றும் என்னை விட்டுப் போகப் போகத் தலை லேசானது. டீச்சர் நிமிர்ந்து சாரைப் பார்த்து, "சட்டைய மாத்தலையா இன்னும்?" என்றார். சற்குணம் சார் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதார். ரூபனையும் கொடுத்தேன். அவர்களுக்குப் பிறந்த ஒரே பிள்ளை. அவன் பல் முளைத்தது, மணலில் எழுதிப் பழகியது, ஐந்து வயதில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது வரைக்கும் கொடுத்தேன். அதற்கு அடுத்ததைக் கொடுக்கவில்லை.

எண்பத்து நாலாம் வருஷம் ஓட்டும் கிறிஸ்துமசும் அடுத்தடுத்த நாள் வந்தன. வாத்தியார்களுக்கெல்லாம் எலெக்‌ஷன் டூட்டி, சார் ஐம்பது மைலுக்கு அந்தப் பக்கம் ஒரு வாக்குச்சாவடியில். சாயங்கால ஆராதனையில் டீச்சர் தனியாகப் பாட வேண்டிய சரணம் ஒன்று இருந்தது. ரூபன் காய்ச்சலில் தூங்கிக்கொண்டிருந்தான். ஒரு சரணம்தானே, போய்விட்டு ஓடி வந்துவிடலாம் என்று டீச்சர் கதவை இழுத்துச் சாத்தி வெளியே கொண்டி போட்டார். பாடினார், மிக நன்றாகப் பாடினார், அந்தச் சந்தோஷம்கூட எனக்குள் இருக்கிறது. திரும்பி வந்து கொண்டியை எடுத்துத் தள்ளினால் கதவு திறக்கவில்லை. பிள்ளை எழுந்து வந்து கதவுக்குப் பின்னால் விழுந்து கிடந்தான். அப்போதே குளிர்ந்து போயிருந்தான். யாருக்கும் தெரியாமல் அவனைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்ட பிறகுதான் டீச்சர் சத்தம் போட்டு ஊரைக் கூப்பிட்டார். மறுநாள் வந்து சேர்ந்த சாரிடம், நான் வரும்போது முழித்துக்கொண்டுதான் இருந்தான், என் மடியில் கிடந்தான், அப்பா எப்ப வருவாவ என்று கேட்டான், அப்புறம் போய்விட்டான் என்று சொன்னார். அதை நாற்பது வருஷம் மாற்றாமல் சொன்னார்.

இதை எப்படி ஒரு காதில் சொல்ல? சொன்னால் நான்கு நாளைக்கு எனக்குத் தலை லேசாகும், டீச்சர் அந்தக் கதவை மறுபடி புதிதாகத் தள்ளுவார். ஐந்தாம் நாள் ஒழுகிவிடும், அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி தள்ளுவார். நான் அதை என்னிடமே வைத்துக்கொண்டேன். நல்லது செய்கிறதாகத்தான் நினைத்தேன். நல்லதாவது, கெட்டதாவது, நான் தொட்டது எது உருப்பட்டது?

டீச்சருக்கு ரூபன் இருந்தான், காய்ச்சல் வந்து படுத்திருந்தான், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஆகவே தேட ஆரம்பித்தார். கொடுத்த மற்றதெல்லாம் ஐந்தாம் நாள் ஒழுகிப் போனது, முடிவு தெரியாத பிள்ளை மட்டும் ஒழுகவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை நான் போனபோது பாலைக் காய்ச்சி ஆற்றி வைத்திருந்தார். "பையன் எங்க போய்த் தொலைஞ்சான், காய்ச்ச உடம்போட?" என்று கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். முருங்கை மரத்தடியில் போய்க் கூப்பிட்டார். அதற்கு அடுத்த வெள்ளி, வீட்டில் இருக்கிற ஒவ்வொரு கதவாக இழுத்து இழுத்துப் பின்னால் பார்த்தார். கோழிகளைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு போய்விட்டிருந்தது.

நான்காவது வெள்ளி, டீச்சர் உள்ளே தேடிக்கொண்டிருக்கும்போது, சார் என்னை முற்றத்தில் நிறுத்தினார்.

"பியூலா. ஒண்ணு மட்டும் நீ குடுக்கல."

"ஆமா சார்."

"அவன் செத்த அன்னைக்கு உள்ளது."

"ஆமா சார்."

"குடுத்துரு பிள்ளே. துக்கம்னா துக்கந்தான், அதையும் சேத்துதான அவ? இப்படித் தேடுததைப் பாத்துக்கிட்டு என்னால இருக்க முடியல." தொப்பியை எடுத்து உருட்டினார். "அதுக்கு முன்னால எனக்கும் ஒண்ணு வேணும். அவகிட்ட நாப்பது வருசமாக் கேக்கத் தெம்பு வரல. அப்பா எப்ப வருவாவன்னு கேட்டாம்லா, அது எப்படிக் கேட்டான்? அழுதுக்கிட்டா, சும்மாவா? நான் அங்கன ஊரான் வெரல்ல மை வச்சுக்கிட்டு உக்காந்திருந்திருக்கேன், இங்கன எம் பிள்ள என்னைக் கேட்டிருக்கான். அதை நெனைக்காத நாள் கெடையாது."

நான் பொய் சொல்லியிருக்கலாம். அழவில்லை சார், சும்மாதான் கேட்டான் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு வருஷம் முழுக்கப் பொய்யாகவே நின்றவள் நான், அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து இன்னொன்று வரவில்லை. கொண்டியைச் சொன்னேன். கதவைச் சொன்னேன். மடியில் போட்டதைச் சொன்னேன். டீச்சர் மேல் கோபப்படுவார், இல்லை, தன் மேல் இருந்த பாரம் போயிற்று என்று ஒரு மூச்சு விடுவார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் தொப்பியைத் தலையில் வைத்தார், மறுபடி கையில் எடுத்தார்.

"அப்பம் அவன் என்னைக் கேக்கவே இல்லையா?" என்றார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. நாற்பது வருஷம் அந்தக் கேள்வி அவரைக் குத்தியது நிஜம்தான். ஆனால் பிள்ளை அவருக்கென்று விட்டுப்போனது அந்த ஒரு கேள்விதான், அதைத்தான் அவர் நாற்பது வருஷம் வளர்த்திருக்கிறார். இப்போது அதையும் நான் எடுத்துவிட்டேன். இந்த வீட்டிலிருந்து நான் இன்னும் எதையெல்லாம்தான் எடுப்பேன்?

"மன்னிச்சிருங்க சார்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. "இதைத் தனியா வச்சுக்கிட்டு எங்கூட உக்காந்து சோறு தின்னுருக்கா," என்றார். "நாப்பது வருசம். எத்தனை நேரம் சோறு."

டீச்சர் வெளியே வந்தார். சேலைத் தலைப்பில் ஒட்டடை ஒட்டியிருந்தது.

"அவனை எங்கயும் காணலையே. நீங்க பாத்தியளா?"

சார் தொப்பியை முருங்கைக் கிளையில் மாட்டிவிட்டு, டீச்சரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்து, தானும் அவர் எதிரில் மண்ணில் உட்கார்ந்தார்.

"ரூபன் போயிட்டான் எப்சி. அன்னைக்கே போயிட்டான். நீ பாடிட்டு வாறப்ப முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தான். ஒம் மடியிலதான் கெடந்தான். அப்பா எப்ப வருவாவன்னு கேட்டான். அப்பறம் போயிட்டான்."

ஒரு வார்த்தை மாறவில்லை. டீச்சர் அவருக்குச் சொன்னதையே அவர் டீச்சருக்குச் சொன்னார்.

"நீங்க எங்க இருந்திய?"

"எலெக்சன் டூட்டி. வர முடியாமப் போச்சு. நாந்தான் இல்லாமப் போயிட்டேன்."

டீச்சர் அவரையே பார்த்தார். நம்பலாமா வேண்டாமா என்று தெரியாத பார்வை. பிறகு என் பக்கம் திரும்பினார். ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம் டீச்சருக்கும் தெரிந்துதான் இருந்தது.

"எனக்கு உள்ளதெல்லாம் ஒங்கிட்டதான இருக்கு. நீ சொல்லு. இவிய சொல்லுததா நடந்துது?"

சார் நிமிரவில்லை. அவர் கை மட்டும் மணலில் கிடந்தது, அசையாமல். நான் டீச்சர் பக்கத்தில் குனிந்தேன், உதடு காதில் படுகிற அளவு. பாடுகிறவள் என்றால் பாடுவாள், பொய் சொல்கிறவள் என்றால் சொல்வாள், எனக்கு இரண்டுக்கும் ஒரே வாய். பிள்ளை முழித்திருந்தான் என்று சொன்னேன். மடியில் கிடந்தான் என்று சொன்னேன். அப்பாவைக் கேட்டான், அழாமல் கேட்டான், உங்கள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான், நீங்கள் அவனை ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடவில்லை டீச்சர் என்று சொன்னேன்.

டீச்சர் அழுதார். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் அழுகிற சாதாரண அழுகை, முகம் கோணாமல், யாரிடமும் எதையும் மறைக்காமல். சார் எழுந்து போய் ஆற்றி வைத்திருந்த பாலை எடுத்து வந்து டீச்சரைக் குடிக்க வைத்தார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினேன்.

வழக்கமாகச் சொல்லி முடித்ததும் எனக்குத் தலை லேசாகும். தெருமுனை வரைக்கும் நடந்தேன், கோயில் வரைக்கும் நடந்தேன், வீடு வரைக்கும் நடந்தேன். அன்றைக்கு என்னை விட்டு எதுவும் போகவில்லை.